இராயப்பேட்டைப் பண்டிதர் அயோத்திதாசர்

காத்தவராயன் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. மாரியம்மன் கோயில் வீதியிலே விடிய விடிய ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தைச் சிறுபிராயத்திற் கண்டு, அவன் கழுமரம் ஏறும் கட்டம் வருமளவும் உறக்கத்தை அடக்கிக்கொண்டு பாயிற் குந்தியிருந்தவர் நம்முட் பலர். உயர்குலத்தவளாகிய ஆரியமாலையை விரும்பியதே அவன் செய்த குற்றம். தென்னாட்டு வழக்கின்படி அதற்குக் கழுவே தண்டம். பின்னர் அவனே தெய்வமாகின்றான். உயிரோடிருந்தபோது ஊருக்குள் இடங்கொடாதவர்கள், இறந்த பின் ஊர்க்கோடியிற் கோயில் எடுத்தார்கள் என்பதே அக்கதையின் உட்பொருள் போலும்.

அத்தெய்வத்தின் பெயரையே பிள்ளைப் பெயராகப் பெற்று, பின் அதனை விடுத்து, தம் ஆசிரியர் பெயரைத் தம் பெயராக ஏற்றுக்கொண்ட ஒருவரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம். அவர் இராயப்பேட்டை அயோத்திதாசப் பண்டிதர். இக்காலத்தார் தலித் மக்கள் எனக் குறிக்கும் தாழ்த்தப்பட்டோரின் உரிமைக்காகத் தமிழகத்தில் முதன்முதல் நின்றவர்களுள் ஒருவர்; சித்த மருத்துவர்; பத்திரிகாசிரியர். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர் ஒரு தமிழ்ப் பண்டிதர். யான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்த நாளில் உரையாசிரியர் பெயர்களையும் பதிப்பாசிரியர் பெயர்களையும் நிரலே ஒப்புவித்ததுண்டு. அந்நிரலில் அயோத்திதாசர் என்னும் பெயர் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. அது விடுபட்டதை அன்று யான் உணர்ந்ததுமில்லை.

கி. பி. 1845 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி சென்னையில் ஆயிரம் விளக்குப் பகுதியிலே கந்தசாமி என்பார்க்கு மகனாய்ப் பிறந்தார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லர் வேலை பார்த்தவர். இக்கந்தப்பனைப் பற்றிப் பண்டிதர் தாமே எழுதிவைத்த செய்தியொன்று தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டுவது. தம் இல்லத்தில் வழிவழியாகப் போற்றப்பட்டு வந்த திருக்குறள் ஏட்டையும் நாலடியார் ஏட்டையும் கந்தப்பன் தம் துரையிடங் கொடுக்க, அவர்வழி அவை எல்லிஸ் துரையின் கையிற் சேர்ந்தன என்பது அச்செய்தி. எல்லிஸ் என்பார் சென்னைக் கோட்டைக் கல்லூரியை நிறுவுவதில் முன்னின்றவர். திருக்குறளை மொழிபெயர்க்கத் தொடங்கி, அது முற்றுமுன் 1819 இல் மறைந்தவர். குறள் மூலம் அச்சேறிய முதற் பதிப்பு 1812 இல் வெளிவந்தது. கந்தப்பன் தந்த ஏடு அப்பதிப்புக்கு எவ்வளவு உதவிற்று என்பதை ஆராய்ச்சியாளர் ஆய்க. ஈண்டு நோக்கற்பாலது வேறு. கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் புகவொட்டாது விலக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கூரைக்கீழ்க் குறளும் நாலடியும் இருந்தன. அவற்றை வாசிக்கவும் பேணவும் வல்லார் அங்கிருந்தனர். கல்வி இன்மையாற் சிலர் தாழ்ந்தனர் என நம்மவர் சொல்லிவந்த சமாதானம் இவ்வொரு செய்தியால் ஆட்டங் காண்கின்றது.

குடும்பத்தார் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தனர். இளைஞர் தமிழும் சித்த வைத்தியமும் பயின்றார். வடமொழி, பாளி, ஆங்கிலம் என்பவற்றிலும் பழக்கம் உண்டாயிற்று. தமக்குக் கற்பித்த அயோத்திதாச கவிராச பண்டிதரிடம் அவர் கொண்ட பத்தி, அவர் பெயரையே தாங்குமளவுக்கு முதிர்ந்தது. பெயரை மாற்றுதல் சிறிய காரியம் எனத் தோன்றலாம். ஆனால் ஒருவன் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அவன் நிற்குமிடம் முற்றமா, திண்ணையா, படலைக்கு வெளியா எனத் தீர்மானிக்கும் நாட்டில் அது சிறிய காரியமன்று.

1870 களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்றொரு சபையை அவர் நடத்தினார். எல்லாம் ஒரே பொருள் எனக் கூறும் வேதாந்தத்தில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை அன்றோ? அத்தத்துவத்தை ஊன்றிப் பிடித்தால் சாதிப் பிணி தானே நீங்கும் என அவர் நம்பியிருத்தல் கூடும். அந்நம்பிக்கை நெடிது நில்லாமையைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும். இடையே வெசிலியன் மிசனைச் சேர்ந்த ஜான் இரத்தினம் என்னும் போதகரோடு கூடி 1885 இல் 'திராவிட பாண்டியன்' என்னும் இதழை வெளியிட்டார். தாழ்த்தப்பட்டோர் தமக்கெனப் பத்திரிகை நடத்திய தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று.

1891 ஆம் ஆண்டு திசம்பர் முதலாந் திகதி உதகமண்டலத்தில் திராவிட மகாசன சபையின் மகாநாடு அவர் முயற்சியாற் கூடியது. அங்கு பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. பறையன் என்னும் சொல்லை வசையாக வழங்குவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். இம்மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் வேண்டும். மெற்றிக்குலேசன் தேறியவர்க்கு உதவிப்பணமும் தகுதியுடையார்க்கு உத்தியோகமும் வேண்டும். பொதுக் குளங்களிலும் கிணறுகளிலும் தடையின்றி நீர் மொள்ளல் வேண்டும். கிராம உத்தியோகங்களில் இவர்க்கும் பங்கு வேண்டும். கலெக்டர் கிராமத்துக்கு வரும்பொழுது மேற்குலத்தாரை மட்டும் விசாரித்துப் போகாமல் இவர்களையும் நேரிற் கேட்டல் வேண்டும் என்பன அவற்றுட் சில. சிறைச்சாலை விதிகளுள் ஒன்றையும் அம்மகாநாடு சுட்டியது. சிறைப்பட்ட பறையரே இழிந்த வேலைகளைச் செய்தல் வேண்டும் என அவ்விதி வகுத்திருந்தது. குற்றம் செய்து சிறை புகுந்த இடத்திலும் சாதி பார்த்துத் துடைப்பம் கொடுக்கப்பட்டது என்பதை எண்ணுக. இத்தீர்மானங்களை இன்று படிக்கும் ஒருவர் அவற்றின் பெருமிதத்தைக் காட்டிலும் அவற்றின் நுணுக்கத்தையே வியப்பர். விண்ணை நோக்கி முறையிட்டவை அல்ல அவை. சட்டப் பிரிவையும் கிணற்றையும் பள்ளிக் கட்டிடத்தையும் விரல்சுட்டிக் கேட்டவை.

அக்காலத்துச் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரெமன்கீர் என்னும் ஆங்கிலேயர் பறையர் நிலைமை குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை விடுத்திருந்தார். நிலமில்லாமையே இம்மக்களின் அடிமைத்தனத்துக்கு அடிவேர் என்பது அவர் கண்ட முடிவு. 1892 ஆம் ஆண்டு செப்தெம்பரில், இவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப் பின்னர் வழங்கியது அதுவே. அந்நிலத்திற் பெரும்பகுதி காலப்போக்கிற் பிறர் கைக்கு மாறியதும், அதனை மீட்கும் வழக்குகள் இற்றைவரை ஓயாமையும் தனியே எழுதற்குரியன.

அதே 1892 இல் நடந்ததொன்று பண்டிதர் வாழ்வைத் திசை திருப்பியது. சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாசன சபையின் கூட்டம். நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் சென்றிருந்தார். நாட்டு நன்மையை நாடும் கனவான்கள் பலர் கூடியிருந்த அச்சபையில் எழுந்து, தம் மக்களுக்குப் பள்ளியும் தரிசு நிலமும் வேண்டினார். அவை மறுக்கப்படவில்லை. அடுத்து, சிவன் கோயிலிலும் விட்டுணு கோயிலிலும் தம்மவர் புகுந்து வழிபடத் தடை ஏன் எனக் கேட்டார். உடனே சபையிற் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சாஸ்திரியார் ஒருவர் எழுந்து, அவர் குலத்தாருக்கு மதுரைவீரனும் கறுப்பண்ணனும் போன்ற தெய்வங்கள் இருக்கின்றன. சிவனும் விட்டுணுவும் அவர்க்குரியரல்லர் என விடையிறுத்தார்.

காத்தவராயனும் அத்தெய்வக் குழாத்தைச் சேர்ந்தவனே. கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்ட பிள்ளைப் பெயர், இருபது முப்பது ஆண்டுக் கல்விக்குப் பின், கற்றோர் அவையிலே திரும்பவும் அவர் தலைமேல் வைக்கப்பட்டது எனலாம். அப்படியாயின் அச்சாமிகள் எமக்கு வேண்டா எனப் பண்டிதர் மறுமொழி கூறி அமர்ந்தார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே தம் இதழில் எழுதியுள்ளார். அவமானம் என்பது சிலரை மௌனமாக்கும், சிலரை வசைபாடியாக்கும். இவரை அது ஆராய்ச்சிக்காரராக்கிற்று. கோயிலுக்குள் விடுங்கள் எனக் கேட்பதை அன்றோடு நிறுத்தினார். நாம் யார், எப்பொழுதிலிருந்து புறத்தே நிறுத்தப்பட்டோம், அதற்கு முன் எங்கிருந்தோம் என்னும் வினாக்களை ஏடுகளிடம் கேட்கத் தொடங்கினார்.

ஈண்டு அவர் மைத்துனரைப் பற்றி ஒரு சொல். பண்டிதரின் மனைவியார் தனலட்சுமி அம்மையார், இரட்டைமலை சீனிவாசனாரின் உடன்பிறந்தாள். சீனிவாசனார் 1893 இல் 'பறையன்' என்னும் பெயராலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். எப்பெயரால் இகழ்கின்றார்களோ அப்பெயரையே கொடியாக உயர்த்திப் பிடித்து, அதற்கு மதிப்புத் தேடவேண்டும் என்பது அவர் கட்சி. பண்டிதர்க்கு அது உடன்பாடன்று. பகைவர் சூட்டிய பெயரை ஏற்பது அவர் கட்டிய கதையை ஏற்பதாகும் என்பது இவர் கட்சி. ஒரே வீட்டு உறவினர் இருவர் ஒரு சொல்லின்மீது இவ்வளவு வேறுபட்டு நின்றது வியப்பன்று. பெயரைப் பற்றிய இவ்வழக்கு அரிசன், ஆதிதிராவிடர், தலித் எனப் பின்னும் நீண்டு, இன்றும் தீர்ந்தபாடில்லை. யாரும் தம் பெயரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை முன்னரே இருந்திருப்பின் இவ்வழக்கே எழுந்திராது.

தேடிய வழியில் அவருக்குக் கிட்டியது பௌத்தம். அதற்குத் தமிழ்ப் பதிப்புலகும் துணை செய்தது என யான் கருதுகின்றேன். நம் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை, பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தை 1881 இல் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு 1898 இல் வெளிவந்தது. பிறப்பினாற் சிறப்பில்லை என ஆபுத்திரன் அந்தணரோடு வாதிடும் காதையைத் தமிழர் நெடுங்காலத்துக்குப் பின் கையில் எடுத்துப் படித்தனர். சைவத்தில் ஊறிய யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் கும்பகோணத்துப் பிராமணர் ஒருவரும் தம் தமிழ்ப்பற்றினால் ஏட்டிலிருந்து மீட்டெடுத்த நூல்கள், அவ்விருவரும் எண்ணிப் பாராத ஒருவர் கையில் வேறொரு வழக்குக்குச் சான்றாயின. நூல்களின் விதி அத்தகையது.

மணிமேகலை அச்சேறிய அதே 1898 இல் அயோத்திதாசர் இலங்கைக்கு வந்தார். பிரமஞான சங்கத்துக் கேணல் ஒல்கொற் 1894 முதல் சென்னையிற் பஞ்சமர்க்கு இலவசப் பாடசாலைகள் நிறுவி வந்தவர். நம் நாட்டிற் பௌத்த பாடசாலைகள் எழக் காரணராயிருந்தவரும் அவரே. அயோத்திதாசரும் கிருஷ்ணசாமி என்னும் ஆசிரியரும் ஒல்கொற்றை அணுகித் தம்மவரின் முன்னைச் சமயம் பௌத்தமே எனத் தெரிவித்து, அதற்கு மீள உதவி கேட்டனர். அவர் துணையோடு கொழும்பு வந்து, மாளிகாகந்தை வித்தியோதய பிரிவேனாவின் அதிபராயிருந்த ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றனர். மேலவையில் வாயிலடைக்கப்பட்டவர், கடல் கடந்து வந்த இடத்தில் நாட்டின் பேரறிஞராகிய தேரர் முன் ஒப்ப அமர்ந்து சீலம் ஏற்றார்.

அக்காலத்தே கொழும்புத் துறைமுகத்தின் வழியாகவும் மன்னார் வழியாகவும் தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்க. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் பின் இப்பெயர்ச்சி பெருகிற்று. அவருட் பெருந்தொகையினர் பண்டிதரின் குலத்தவரும் அதனையொத்த குலத்தவருமே. ஒரே கடலை ஒரே காலத்தில் சிலர் கூலிக்காகவும் ஒருவர் தம் வரலாற்றைத் தேடியும் கடந்தனர்.

பௌத்தம் என்றவுடன் இந்நாட்டுத் தமிழர்க்கு எழும் நினைவுகள் வேறு; அவற்றின் நோவையும் யான் அறியாதவனல்லன். அந்நினைவுகளைச் சற்றே ஒதுக்கி வைத்தாலன்றி அயோத்திதாசரை விளங்கிக்கொள்ளல் அரிது. அவர் நாடிய பௌத்தம் காஞ்சியினதும் காவிரிப்பூம்பட்டினத்தினதும் பௌத்தம்; தமிழிற் பேசிய பௌத்தம். கொழும்பிற் பெற்ற சீலத்தோடு திரும்பிச் சென்று, இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பெங்களூர், திருப்பத்தூர், கோலார் தங்கவயலிலுள்ள மாரிகுப்பம், இரங்கூன், தென்னாபிரிக்காவின் டர்பன் என அவர் குலத்தார் பிழைப்புத் தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் கிளைகள் தோன்றின. தங்கச் சுரங்கத்திற் கீழே இறங்கி உழைத்தவர்கள், மேலே வந்து மாலையில் விகாரையிற் கூடித் தமிழ் நூல் வாசிக்கக் கேட்டனர்.

1907 ஆம் ஆண்டு சூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. விலை காலணா, அதுவே பெயருமாயிற்று. மறு ஆண்டு ஆகத்து 26 முதல் 'தமிழன்' எனச் சுருங்கியது. ஏறத்தாழ ஏழாண்டுகள், அவர் உயிர் பிரியுமளவும், அவ்விதழ் நடந்தது. அரசியற் செய்தி, பயிர்ச்செய்கை, மருந்து முறை, சமயவாதம், வாசகர் வினாவுக்கு விடை, பழைய நூல்களுக்கு உரை என எல்லாம் அதில் இடம் பெற்றன. பின்னர் நூல்களாக வந்த 'புத்தரது ஆதிவேதம்', 'இந்திரர் தேச சரித்திரம்' என்பனவற்றின் பொருளும் அவ்விதழோடு பிணைந்தது. சாதிப் பெருமையை விடாது சுதேசியம் பேசிய தலைவர்களை அவர் கடுமையாகத் தாக்கினார். அந்நியனிடம் உரிமை கேட்பவர், தம் ஊர்க் கிணற்றில் அயலான் நீரள்ளுதலைப் பொறாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும் என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம்.

அவர்தம் ஆராய்ச்சி முடிபு இது: பழந்தமிழகம் முழுவதும் பௌத்த தன்மம் பரவியிருந்தது, அங்கு சாதிப் பிரிவு இல்லை, துறவோரின் வேடத்தை மட்டும் பூண்டு புகுந்தோர் தம்மைப் பிராமணர் எனக் கூறிக்கொண்டனர், அவரது பொய்யை வெளியே பறைந்த, அதாவது எடுத்துரைத்த பௌத்தரே பறையர் எனப்பட்டுப் புறந்தள்ளப்பட்டனர். ஆதலின் தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றே குறித்தார். குடிசன மதிப்பிலும் அவ்வாறு பதிய வேண்டும் என வற்புறுத்தினார். தீபாவளி, பௌத்த மடத்தார் எள்ளின் நெய்யைக் கண்டறிந்த நாள். கார்த்திகை விளக்கீடு, ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்த நாள் என்றெல்லாம் பொருள் விரித்தார். திருக்குறளைத் திரிபிடகத்தோடு இயைத்துத் 'திரிக்குறள்' என்றே எழுதினார். ஔவையாரைப் பௌத்தத் துறவியாகக் கண்டு ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் உரை வகுத்தார்.

ஒரு பண்டிதன் என்ற முறையில் இங்கே யான் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். இப்பொருள்கோள்களுட் பல இலக்கண முறைக்கும் சரித்திர முறைக்கும் நில்லா. திருவைத் திரியாக்க ஏட்டுச் சான்று வேண்டும். அவர் மேற்கோளாகக் காட்டும் பாடல்களுட் சிலவற்றுக்கு மூலம் காண்டல் அரிது. வகுப்பில் ஒரு மாணவன் இவ்வாறு சொற்பிரித்தால் மதிப்பெண் இடேன். ஆனால் இதே தராசில் ஏனையோரையும் நிறுத்தல் வேண்டுமன்றோ? ஒவ்வொரு தலத்துக்கும் புராணம் கட்டியோரும், ஒவ்வொரு குலத்துக்கும் தேவலோகத்திலிருந்து மரபு இறக்கியோரும் அவரிலும் குறைந்த சான்றோடே எழுதினர். அவற்றை நாம் ஏட்டில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். தாழ்த்தப்பட்டான் ஒருவன் தனக்கொரு புராணம் எழுதும்பொழுது மட்டும் நன்னூற் சூத்திரம் நம் நினைவுக்கு வருகின்றது. அன்றியும், தீண்டாமை தொன்றுதொட்டதன்று, ஒரு காலத்தில் ஒரு காரணத்தால் உண்டாக்கப்பட்டது என்னும் அவர்தம் அடிப்படை எண்ணம் வலியுடையது. உடைபட்ட மக்கள் பௌத்தத்தை விடாமையால் தீண்டப்படாதார் ஆயினர் என்னும் கருத்தை அம்பேத்கர் 1948 இல் வெளியிட்ட நூலில் வேறு சான்றுகளால் நாட்ட முயன்றார். அயோத்திதாசரோடு ஒரு காலத்தில் பௌத்தப் பணியாற்றிய இலட்சுமிநரசு எழுதிய பௌத்த நூலுக்கு அதே 1948 இல் முன்னுரை எழுதியவரும் அம்பேத்கரே. 1950 இற் கண்டிக்கு வந்து பௌத்த மகாநாட்டைக் கண்டு சென்ற அவர், 1956 ஒக்டோபர் 14 இல் நாகபுரியில் பௌத்தந் தழுவினார். இராயப்பேட்டைப் பண்டிதர் அவ்வழியை 58 ஆண்டுகட்கு முன்னரே நடந்திருந்தார்.

வேறொரு குறையையும் மறைத்தல் கூடாது. தாழ்ந்தோர் வேறு, தாழ்த்தப்பட்டோர் வேறு எனப் பிரித்து, தம் மக்கள் பின்னவரே என வாதிட்டவர் அவர். தோட்டி, குறவர் முதலியோரைத் தம்மவரோடு ஒரே பஞ்சமக் கூட்டில் அடைப்பதை வெறுத்தார். ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவனும் தனக்குக் கீழே இன்னொரு படி இருத்தலை விரும்பும்படி செய்வது சாதியின் சூழ்ச்சி. அச்சூழ்ச்சியிலிருந்து அவரும் முற்றாகத் தப்பவில்லை. ஆங்கில ஆட்சியின்மேல் அவர் வைத்த நம்பிக்கையும் மிகையே. ஆயினும் விக்டோரியா மண்டபத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டவர் அதற்கு மாறாக யாரை நம்பியிருப்பார் என்பதும் வினாவே.

அவர்தம் மருத்துவத்தைப் பற்றியும் சிறிது கூறுவேன். இராயப்பேட்டையில் அவர் கைபட்டுப் பிணி தீர்ந்தோருள் ஒரு சிறுவன் இருந்தான். வேறொரு வைத்தியத்தால் கைகால் முடங்கிக் கிடந்த அவனை எழுந்து நடக்கச் செய்தவர் அயோத்திதாசர். அச்சிறுவனே பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பட்ட திரு. வி. கலியாணசுந்தரனார். அவர்தம் தமிழாசிரியரோ நம் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, புத்த மதத்தைக் கண்டித்து நூலெழுதிய தீவிர சைவர். ஆசிரியர் வழி நின்று இளமையிற் பௌத்தரோடு வாதுக்குச் சென்ற திரு. வி. க., பிற்காலத்திற் புத்தரின் அறத்தைப் பெரிதும் போற்றினார்; தம்மை எழுப்பி நடக்கவைத்த பண்டிதரைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியோடு நினைந்தார். முடங்கிய பிள்ளையைத் தொட்டுச் சோதித்த கையைத் தீண்டத்தகாத கை என எண்ண அவ்வீட்டாருக்கு நேரமிருந்திராது.

1914 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி, 69 ஆவது வயதில் பண்டிதர் காலமானார். மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் 'தமிழன்' என்னும் பெயரால் மீளத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். அதன்பின் பெரும் மறதி சூழ்ந்தது. திராவிடம் என்ற சொல்லையும் தமிழன் என்ற சொல்லையும் முழங்கி இயக்கங்கள் வளர்ந்தன; அச்சொற்களை இதழ்ப் பெயராக முன்னரே வைத்தவரைப் பெரும்பாலோர் நினைக்கவில்லை.

நம் நாட்டிலும் அவர் கேட்ட கேள்விகள் அவர் பெயரின்றியே எழுந்தன. 1929 இல் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகட்கும் சம ஆசனம் வேண்டும் என ஆணை பிறந்தபோது, யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே செல்ல வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். இடைப்பட்ட காலத்தே குடாநாட்டில் தாழ்த்தப்பட்டோர் சிலர் பௌத்தந் தழுவியதையும் அவர்க்கெனப் பாடசாலைகள் எழுந்ததையும் கண்டு, அரசியல் ஏமாற்று எனச் சிரித்தவர் உண்டு. அயோத்திதாசரைப் படித்திருந்தால் அச்சிரிப்பு இவ்வளவு எளிதாக வந்திராது.

1999 இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக இரு பெருந் தொகுதிகளாய் வந்தன. மூன்றாந் தொகுதியும் பின்னர் வந்தது. 2005 இல் இந்திய அரசு அவர் உருவந் தாங்கிய தபால் முத்திரை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. திருக்குறளுக்கு அவர் 'தமிழன்' இதழில் வாரந்தோறும் எழுதிவந்த உரை மட்டும் நூல் முழுவதும் செல்லவில்லை. பாட்டனார் காத்துக் கொடுத்த நூலுக்குப் பேரன் எழுதிய அவ்வுரை, எஞ்சிய அதிகாரங்களைத் தொடாமலே 1914 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.